நாலு மணிக்குப் பூட்டிய கடை

நான் தேர்தலில் நின்றது ஒரு பூட்டின் மேல் வந்த கோபத்தில்தான். அதைவிடப் பெரிய காரணம் எதையாவது இப்போது தேடிப்பிடித்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

மலைமேல் நாகலூரில் எங்களுக்கு ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும், எஸ்டேட் கூலிகளுக்கான லைன் வீடுகளில் இருந்தவர்களும் வீட்டுக்கொரு பங்கு போட்டு ஆரம்பித்த கடை. அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சேலத்து விலைக்கே கிடைக்கும். எடை சரியாக இருக்கும். அரிசியில் கல் இருக்காது. குறை ஒன்றே ஒன்றுதான். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

எங்களுக்கு மேட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. ராகியும் சாமையும் போடுவோம். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் நானும் மற்றப் பெண்களோடு எஸ்டேட் வேலைக்குப் போவேன். அங்கே எங்களை விடுவதே நாலரைக்கு மேல்தான். பறித்த பழத்தைக் கணக்கெழுதுகிற ரைட்டர் முன்னால் கொண்டுபோய்க் கொட்டி, இலையும் பச்சைக்காயும் பொறுக்கி எறிந்து, அளந்து முடித்து இறங்கி வந்தால் பனி மூடியிருக்கும். பண்டகசாலைக் கதவில் பூட்டுத் தொங்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் மட்டும் விளக்கு எரியும். அது பண்டகசாலைத் தலைவருடைய தம்பியின் கடை. அங்கே அரிசி விலை அதிகம். கல் மட்டும் இலவசம்.

ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு வந்து அந்தப் பூட்டைப் பிடித்து ஆட்டினேன். திறக்காது என்று தெரியும். இருந்தும் ஆட்டினேன். பக்கத்தில் எஸ்டேட் லைனில் குடியிருக்கிற ஒருத்தி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றவள், சிரித்தாள்.

"அத ஆட்டி என்னங்க்கா ஆவப்போவுது? ஆட்டறதுன்னா அங்க போயி ஆட்டுங்க" என்று தலைவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

மறுநாளே போனேன். தலைவருக்கு ஆரஞ்சுத் தோட்டமும் மிளகுக் கொடியும் நிறைய. கடை ஆரம்பித்த காலத்திலிருந்து அவர்தான் தலைவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். நம்மைப் பேசவும் விடமாட்டார். வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"பழக்காலத்துக்கு மட்டும் மத்தியானமாத் தொறந்து ஏழு மணி வரைக்கும் வெச்சா ஆகாதுங்களா மாமா?"

"ஏங்கண்ணு, கடையாளுக்கும் ஊடு வாசல் இருக்குதில்ல? பனில எப்பிடிப் போவாரு?"

"நாங்க பனிலதானுங்க வர்றோம்."

"அதெல்லாங் கமிட்டி முடிவு பண்ணோணுங் கண்ணு."

"கமிட்டில அஞ்சு பேரு இருக்கறீங்க. அஞ்சு பேர்ல ஒருத்தராச்சும் என்னைக்காச்சும் அரிசிக்கு வரிசைல நின்னிருக்கறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. உள்ளே பார்த்து, "இந்தப் புள்ள பேசறதக் கேட்டியா?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பிடின்னா நீயே கமிட்டிக்கு வந்துரு கண்ணு" என்றார். தமாஷுக்குத்தான் சொன்னார்.

"வர்றனுங்க மாமா" என்றேன். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எழுபதுகளில் அந்தக் கடை ஆரம்பித்தபோது நான் தலைச்சோலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண். பங்கு சேர்க்க வீடு வீடாக ஆள் வந்தார்கள். அந்தச் சமயத்தில் மலை முழுக்க ஒரே பேச்சு. எந்தக் காகிதத்திலாவது ஆம்பளை தன் பேரைக் கொடுத்தால் தொலைந்தான், ஜீப் வந்து குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டாலே காப்பிச் செடிக்குள் பதுங்கிய வீரர்கள் எங்கள் ஆண்கள். அவர்களுக்குக் கடையும் வேண்டும், ஆபரேஷனும் வேண்டாம். கலந்து பேசி வைத்த மாதிரி எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. பங்கைப் பெண்டாட்டி பேரில் போட்டுவிட்டார்கள். பெண்டாட்டியை ஜீப் தூக்கிக்கொண்டு போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

இது ஒன்றும் ரகசியம் இல்லை. எடை போடும்போது கடையாள் பங்குதாரரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். வசதியானவர் வீடு, இல்லாதவர் வீடு என்ற பேதமில்லாமல் பெரும்பாலும் பொம்பளைப் பெயர்தான் காதில் விழும். ஆனால் மகாசபைக் கூட்டம் என்று வரும்போது ஜமக்காளத்தில் உட்கார்ந்து கை தூக்கியவர்கள் ஆண்கள். நாங்கள் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கூட்டத்துக்குச் சோறு பொங்கினோம். நடுவில் பல வருஷம் தேர்தலே நடக்கவில்லை. நடந்த ஒன்றிரண்டு தடவையும் தலைவர் ஐந்து பேரைச் சொல்வார், எல்லாரும் கை தூக்குவார்கள், இலை போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் தேர்தல். எங்களை யாரும் உள்ளே வராதே என்று தடுத்ததில்லை. நாங்கள் போனதும் இல்லை.

தொண்ணூறுகளில், நான் தலைவரிடம் போய்க் கேட்டு வந்த அதே பழக்காலத்தில், மறுபடி தேர்தல் என்று சொன்னார்கள். நான் நிற்பதாகச் சொன்னதும் ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழம் பறித்துக்கொண்டே ஓட்டுக் கேட்டேன். செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இன்னொருத்தி. இடுப்பில் கட்டிய பை நிறைவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுவேன். மேஸ்திரி வந்தால் இரண்டு பேரும் ஊமையாகிவிடுவோம்.

எங்கள் மலைக்காரக் குடும்பங்களுக்கும், கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து லைனில் குடியேறிய குடும்பங்களுக்கும் அப்போதெல்லாம் பெரிய ஒட்டுறவு கிடையாது. ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட யோசிப்போம். ஆனால் தம்பி கடை அரிசியில் கிடந்த கல் இரண்டு பக்கத்துப் பல்லையும் ஒரே மாதிரிதான் பதம் பார்த்தது. அதனால் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. "கடை ஏழு மணி வரைக்கும் தொறக்கோணும்" என்று ஆரம்பித்தாலே போதும், மீதியை அவர்களே சொன்னார்கள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் தலைவர் வீடு வீடாக வெற்றிலை பாக்கு அனுப்பினார். எங்கள் பக்கம் வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. கல்யாணம் பேசுவதிலிருந்து வழக்குத் தீர்ப்பது வரை அப்படித்தான். வாங்கியவன் பேச்சு மாறினால் நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவன் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். தலைவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை, என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. வெற்றிலையை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

என் கணவரும் வாங்கிவிட்டார். நான் வேலை முடிந்து வரும்போது வாய் சிவந்திருந்தது.

"கையில கொண்டாந்து நீட்டினா எப்பிடிப் புள்ள வேண்டாம்ங்கறது?" என்றார்.

"நானுந்தான் நிக்கறன். எனக்கு எதிராவா வாக்குக் குடுத்தீங்க?"

"வாக்குன்னு யாரு சொன்னா? வெத்தலதான் வாங்கினேன்."

"வெத்தல வாங்கினா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

 எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வருவார், அது இன்னும் கோபத்தைக் கிளப்பும் என்று அடக்கிக்கொண்டேன். களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன், சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலையை வாங்கியவர் அவர். நான் வாங்கவில்லையே. அவருடைய வாக்கு அவரைக் கட்டும். பங்கு என் பேரில் அல்லவா இருக்கிறது. காலகாலமாக வெற்றிலையை ஆண்கள் கையில் கொடுத்தே பழகிய மனிதர், வீட்டில் இன்னொரு கை இருப்பதை மறந்துவிட்டார்.

மறுநாள் காப்பிக் காட்டில் இதையே எல்லாரிடமும் கேட்டேன். "வெத்தல வாங்கினது யாரு கை?" "அவரு கை." "பங்கு யாரு பேர்ல?" "எம்பேர்ல." "அப்ப உங்க கைய யாருங்க கட்டிப் போட்டாங்க?" சிலர் சிரித்தார்கள். சிலர் வேலையை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். கிளியூரிலிருந்து லைனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"உங்கூட்டுக்காரரு கோவிச்சுக்குவாரு, அவ்வளவுதானுங்க. எங்கூட்டுக்காரரு அடிப்பாருங்க" என்றாள்.

 நீ தூக்க வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, தூக்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் செடியில் எட்டாத உச்சிக் கிளையை வளைத்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. சேலத்திலிருந்து கூட்டுறவு அதிகாரி ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றிய கவலை வந்ததிலிருந்தே அவருக்கு. உள்ளே ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் தலைவர். பின்னால் கொட்டகையில் நாங்கள். தலைவரின் மனைவி சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். 

தலைவர் வழக்கம்போல ஐந்து பேரைச் சொல்லி முடித்தார். நான் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஆறாவதா எம்பேரும் இருக்குதுங்க" என்றேன்.

"இருக்குது கண்ணு, இருக்குது. கை தூக்கிப் பாத்தர்லாம்" என்றார் தலைவர். வெற்றிலை போட்ட வாய்கள் அத்தனையும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தன. அவருக்கு என்ன பயம்?

"பாக்கலாமுங்க. பங்கு யாரு பேர்ல இருக்குதோ அவங்க மட்டுந் தூக்கட்டும்."

அதிகாரி நிமிர்ந்து, "அது அப்படித்தானே? உறுப்பினர் நேர்ல இருந்து தூக்கினாத்தான் செல்லும்" என்றார். இதில் என்ன சந்தேகம் என்பது போல இருந்தது அவர் குரல். கடையாளைப் பெயர்களைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்ட உறுப்பினர்கள் முன்னால் வந்து உட்காரட்டும், மற்றவர்கள் ஒதுங்கி நிற்கட்டும் என்றார்.

கடையாள் கூப்பிட ஆரம்பித்தார். தினமும் வரிசையில் கூப்பிடுகிற அதே குரல்தான். முதல் பெயருக்கு, கொட்டகையிலிருந்து "ஏனுங்க" என்று ஒரு பெண் குரல் கொடுத்தது. இரண்டாவதற்கும் அங்கிருந்துதான். கரியும் மஞ்சளும் ஒட்டிய கைகளோடு ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தாள். அவளுக்கு இடம் விட்டு அவள் வீட்டு ஆண் எழுந்து சுவரோரம் போனான். என் பெயர் வந்தபோது என் கணவரும் எழுந்தார். போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வெற்றிலைக்கும் எனக்கும் நடுவிலிருந்து தப்பித்த நிம்மதி நன்றாகவே தெரிந்தது. ஜமக்காளத்தில் மிஞ்சிய ஆண்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள்.

அப்புறம் கடையாள் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். தலைவருடைய மனைவியின் பெயர். அவர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். தலைவர் நாற்காலியிலேயே இருந்தார்.

  நான் அவர் நாற்காலியின் பக்கம் திரும்பினேன்.

"மாமா, நீங்களும் அந்தப் பக்கம் போகோணுமுங்க."

தலைவர் அதிகாரியைப் பார்த்தார். "இத்தன வருஷமாத் தலைவரா இருக்கறனுங்களே?" என்றார். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்ததைக் கேட்டேன். அதிகாரி கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "பங்கு உங்க பேர்ல இல்லீங்களே" என்றார் மெதுவாக. அந்த ஜீப்புக்குத் தலைவரும் அந்தக் காலத்தில் பயந்திருக்கிறார். அவர் சொன்ன ஐந்து பேரில் அவரோடு சேர்த்து மூன்று பேர் பயந்திருக்கிறார்கள்.

சுவரோரத்தில் யாரோ செருமினார்கள். சிரிப்பை அடக்கிய செருமல் அது. தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. 

"சரிங்க. எம்பேர அடிச்சுட்டு எங்கூட்டுக்காரி பேர எழுதிக்குங்க."

மற்ற இரண்டு பேரும் உடனே அதையே சொன்னார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் போட்ட வழியிலேயே அவர் நடந்து வந்து என் முன்னால் நிற்கிறார். அதிகாரி தலைவரின் மனைவியைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார்.

அவர் கரண்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "நின்னா நாம் பேசோணுமுங்களா, இல்ல அவரு சொல்லறதச் சொல்லோணுமுங்களா?"

"நீங்கதாம்மா பேசணும்."

"அப்ப நிக்கறனுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "கடைய ஏழு மணி வரைக்குந் தொறக்கோணும்னு அந்தப் புள்ள கேக்கறது ஞாயந்தானுங்க. எங்கூட்டுக்கு மூட்ட பகல்லயே வந்துருது. பழம் பறிக்கற புள்ளைங்களுக்கு யாருங்க கொண்டுபோயிக் குடுக்கறது?"

  எனக்கு அப்போதே அந்த அம்மாவின் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்று தலைவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பினேனே தவிர, உள்ளே போய் அந்த அம்மாவிடம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். நிறையப் பேர் கையைத் தூக்கினார்கள், முகத்தைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். அதனால் என்ன? கை கைதான். கிளியூர்க்காரி தூக்கவில்லை. அவள் புருஷன் சுவரோரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

தலைவரின் மனைவியும் நானும் ஜெயித்தோம். ஜெயித்த ஐந்து பேரில் மூன்று பேர் பெண்கள். சோறு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு அந்தக் காந்தல் சோற்றை ஆண்கள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து பண்டகசாலை மத்தியானம் திறந்து ஏழு மணி வரை நடந்தது. கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். கொஞ்ச நாளில் ஆண்கள் எல்லாரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரன் எதிரில் சுவரோரம் நின்ற அவமானம் அவர்களுக்குச் செரிக்கவில்லை. பங்கையெல்லாம் குடும்பத் தலைவர் பேருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். இப்போதுதான் ஜீப் பயம் போய்விட்டதே! அதிகாரியிடம் போனார்கள். உறுப்பினர் தானாகக் கடைக்கு நேரில் வந்து எனக்குச் சம்மதம் என்று சொன்னால் மாற்றலாம் என்று அவர் சொல்லி அனுப்பினார். ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பங்கு கை மாறினால் எங்கள் ஓட்டும் போகும், மறுபடி கூட்டம் போடுவார்கள், மறுபடி நாலு மணிக்குப் பூட்டு விழும். ஏதோ ஒரு வாரம் விளக்கெரிந்த கடை என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தது அந்தப் பேச்சு.

"ஏம்புள்ள, மொதல்ல நீ மாத்திக் குடுத்தீன்னா மத்தவங்களுங் குடுப்பாங்களாம். ஊர்ல எல்லாரும் என்னத்தான் கேக்கறாங்க" என்றார் என் கணவர்.

"மாத்தமாட்டனுங்க."

"எம்மேல நம்பிக்க இல்லையா?"

"உங்க மேல நொம்ப இருக்குதுங்க. உங்க கை மேலதான் இல்ல. யாரு வெத்தல கொண்டாந்தாலும் அது தானா நீண்டுக்குது."

அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து சாப்பிட்டார். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. ஆனால் மற்ற வீடுகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் காட்டில் யாரும் என்னோடு நிறையப் பேசவில்லை. இரண்டு பேர் கன்னம் வீங்கி வந்தார்கள். கேட்டால் கிளை அடித்துவிட்டது என்றார்கள். என்னால்தானே என்று குமைந்தேன். அதற்காக அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. அடித்த கை என்னுடையது இல்லை.

சனிக்கிழமை நல்ல மழை. பழம் அளந்துவிட்டு நாங்கள் கடைக்கு இறங்கி வந்தபோது ஆண்கள் முன்னமே வந்து தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். முன்னாள் தலைவர் குடையோடு ஒரு ஓரமாக நின்றார். கடையாள் மேஜையில் கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறிவிட்டு எப்போதும்போல வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். வரிசையின் முதலில், கூட்டத்தில் கை தூக்காத அதே கிளியூர்க்காரி நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தான். 

"மாத்தறதுக்கு யாரு வந்திருக்கறீங்க?" என்று கடையாள் கேட்டார்.

யாரும் அசையவில்லை.  கிளியூர்க்காரியின் புருஷன் அவளைப் பார்த்து, "சொல்லு" என்றான்.

அவள் பையை மேஜைமேல் வைத்தாள். "அரிசி போடுங்க."

"அதுக்கப்பறம்?" என்று கேட்டார் கடையாள், அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தபடி.

"அப்பறம் எண்ண ஊத்துங்க."

"அப்பறம்?"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பறம் ஊட்டுக்குப் போகோணுமுங்க. புள்ளைங்க பசியோட இருக்குது."

கடையாள் மைப்பெட்டியை மூடிவிட்டு அரிசி அளக்க எழுந்தார். அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் பையை நீட்டினாள்.